தமிழில் சொன்ன பிறகே கையெழுத்து

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறுபக்கம் கொல்லங்கோடு. வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றினால் சிலர் கோவைக்குப் பஸ் ஏறுகிறார்கள், சிலர் திருச்சூர் அரசு மனநல மையத்துக்கு. "ஷாக் கொடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதுமே குடும்பம் கலங்கிவிடுகிறது. நீட்டப்படும் தாள் மலையாளத்தில் இருந்தால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்?

சோறு தண்ணீர் இல்லாமல் கல்லாய் உறைந்து கிடப்பவரையும், சாகும் எண்ணம் விடாதவரையும் விரைவாக மீட்கும் சிகிச்சை இது. மயக்க ஊசியும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்வார்கள். குணப்படுத்துவது கரண்ட் அல்ல. அது மூளையில் உண்டாக்கும் சில நொடி வலிப்பு. அந்த வலிப்புக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். வயது கூடினால் அதுவும் கூடும். ஆகவே முதல் நாள் சிறிய அளவில் தொடங்கி, வலிப்பு வரும்வரை படிப்படியாக ஏற்றி அவரவர் அளவைக் கண்டுபிடிப்பதே நல்ல முறை. பிறகு தலையின் இருபுறமும் மின்சாரம் செலுத்துவதென்றால் அந்த அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. வலப்புறம் மட்டும் என்றால் சுமார் 6 மடங்கு.

வலிப்பு வந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1993இல் வெளியான நியூயார்க் ஆய்வில், வலப்புறம் மட்டும் மிகக் குறைந்த அளவு பெற்றவர்களில் 17 சதவீதத்தினரே தேறினார்கள். அவர்களுக்கும் வலிப்பு வரத்தான் செய்தது. அளவு மிஞ்சினாலோ குழப்பமும் மறதியும் கூடும். மறதி பெரும்பாலும் சில வாரங்களில் விலகும்; சிகிச்சையை ஒட்டிய நாட்களின் சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லை ஊர்க்காரர்கள் இரண்டு மாநில டாக்டர்களிடமும் மாத்திரை வாங்குவதுண்டு. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரையும், வேல்ப்ரோயேட் போன்ற வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும் வலிப்பு வரத் தேவையான அளவையே உயர்த்திவிடும்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாத ஷாக் சிகிச்சையைத் தடை செய்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு என்றால் காப்பாளர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசரச் சிகிச்சை என்ற பெயரில் இதைச் செய்ய 94ஆம் பிரிவு இடம் தரவில்லை. புரிகிற மொழியில் விளக்கம் பெறும் உரிமையைத் தருவது 22ஆம் பிரிவு. நமக்கு அது தமிழ்.

மீறினால் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும் வாரியத்திடமும் புகார் செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416.

எந்தப் பக்கம், எத்தனை தடவை, எந்த அளவு, எப்படித் தீர்மானித்தீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். பதில் தமிழில் வரட்டும். அதுவரை பேனாவை எடுக்காதீர்கள்.