பழைய கணினியும் சுழலும் காட்சியும்

ஓரிடத்தை நாற்புறமும் சுழற்றிக் காட்டும் பனோரமாப் படங்கள் பழைய கணினிகளில் திணறும்போது, இணைய வேகத்தையே பலரும் குறை கூறுவர். உண்மையில் பெருஞ்சுமை நினைவகத்திலேயே விழுகின்றது. 8192க்கு 4096 பிக்சல் கொண்ட படம் கோப்பாகச் சில மெகாபைற்றுகளே ஆயினும், திரைக்காக விரிக்கப்படுகையில் 128 மெகாபைற்றை விழுங்கிவிடும். பழைய வரைகலை அட்டைகள் பல, 4096 பிக்சலுக்கு மேற்பட்ட அகலத்தை ஏற்பதுமில்லை. பாடசாலையில் எஞ்சியிருக்கும் பழைய கணினியின் முன் அமரும் மாணவருக்கு இதனாற் காட்சியே கிட்டாது போவதை நாம் ஏற்பதற்கில்லை. ஏனெனில் பரிகாரம் கடினமானதன்று. படத்தைக் கனசதுரமொன்றின் ஆறு முகங்களாக்கி, அவற்றையும் சிறு துண்டுகளாக வெட்டி, பார்வைக்குட்பட்ட துண்டுகளை மாத்திரம் அனுப்புதல் வேண்டும். பனெலம் எனும் இலவச மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு. சுழலும் வேளையில் தெளிவைச் சற்றுக் குறைத்து, நின்றதும் கூட்டினால் தடுமாற்றம் மேலும் தணியும்.