இடாப்பிற் காணும் இடைவெளி



ஒவ்வொரு வகுப்பறையிலும் ஆசிரியரின் மேசைமீது வரவு இடாப்பு ஒன்று இருக்கும். காலை மணி ஒலித்தபின் வகுப்பாசிரியர் பெயர்களை அழைத்து, வந்தோரையும் வராதோரையும் அதிற் குறித்துக்கொள்வார். இதனை ஓர் அலுவலகக் கடமையென்றே பலரும் எண்ணுவர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பிள்ளைகளின் உடல்நலமும் உளநலமும் கல்வியும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிய விரும்பும் அதிபர் முதலிற் பார்க்கவேண்டிய ஏடு அதுவே என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

நம் நாட்டிலே கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை 1945 ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பாடுபட்ட கல்வியமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களை நாம் நன்றியுடன் நினைவுகூருகின்றோம். 1980 இல் இலவசப் பாடநூல்களும் 1993 இல் இலவசச் சீருடையும் வந்தன. 1998 முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை கல்வி கட்டாயமாயிற்று. 2016 இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. இவ்வளவும் இருந்தும், ஒன்பதாம் பத்தாந் தரங்களிலே சில பிள்ளைகள் மெல்ல மெல்ல மறைந்துபோகின்றனர். இதற்குக் காரணம் யாது?

ஐந்தாந் தரம் வரையும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே தாய்போல் இருந்து கற்பிக்கின்றார். அப்பிள்ளை காலையில் உண்டதா, ஏன் கண் சிவந்திருக்கின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாந் தரத்திற்கு வந்ததும் பாடத்துக்கொருவராக எட்டு ஒன்பது ஆசிரியர்கள் வந்து போகின்றனர். கணித ஆசிரியர் அவனது கணக்கை அறிவார்; வரலாற்று ஆசிரியர் அவனது விடைத்தாளை அறிவார்; பிள்ளையை முழுதாக அறிந்தவர் எவருமிலர். அவன் இரண்டு நாள் வராதிருந்தால் இரண்டு பாடம் விளங்காது. விளங்காதபோது வினாவுக்கு விடை கூற நாணுவான். நாணம் அவனை மறுபடியும் வீட்டில் நிறுத்தும். வராமை விளங்காமையை வளர்க்க, விளங்காமை வராமையை வளர்க்கும்.

பல்லாண்டுகளுக்கு முன், கரையோரக் கிராமமொன்றிலே நான் அதிபராயிருந்தபோது பத்தாந் தர மாணவனொருவன் வராது நின்றுவிட்டான். முறைப்படி இரண்டு கடிதங்கள் அனுப்பினோம். மறுமொழி இல்லை. அவன் பெயரை இடாப்பினின்று நீக்கக் கையொப்பமிட்டவன் நானே. அடுத்த ஆண்டு மீன் ஏலம் கூறும் இடத்தில் அவனைக் கண்டேன். கூடையை இறக்கிவைத்து வணங்கினான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "கடிதம் வந்தது, சேர், ஆள் ஒருத்தரும் வரேல்லை" என்றான். அச்சொல்லுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அதன்பின் நான் பணியாற்றிய பாடசாலைகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராதிருப்பின், வகுப்பாசிரியரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோரொருவரும் அவ்வீட்டுக்குச் செல்வர். கண்டிப்பதற்கன்று, கேட்பதற்கே. ஒரு வீட்டிலே தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றிருப்பாள். மூத்த பெண்பிள்ளை தம்பியரைப் பராமரிப்பாள். ஒரு வீட்டிலே சப்பாத்து இராது. இன்னொரு பிள்ளையோ, தடையின்றி வாசிக்கத் தெரியாததை இத்தனை ஆண்டுகள் மறைத்து வந்திருப்பான். நோய் வேறாயின் மருந்தும் வேறாதல் வேண்டுமன்றோ?

வாசிக்கவியலாத பிள்ளைக்குப் பன்னிரண்டாந் தர மாணவரொருவர் நாள்தோறும் அரைமணிநேரம் துணையிருந்து வாசிப்பார். அதனை 'மெல்லக் கற்போர் வகுப்பு' என்று பெயரிட்டு அழைப்பதை நாம் நிறுத்திவிட்டோம். அப்பெயரே பிள்ளையை விரட்டிவிடும். பசியோடு வரும் பிள்ளைக்குப் போதனை ஏறாது. அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளையே சென்றடைகின்றது. ஆதலின் பழைய மாணவரும் பெற்றோரும் சேர்ந்து ஒரு பானை இலைக்கஞ்சி வைத்தனர். காலைக் கூட்டத்திலே பிள்ளைகள் மயங்கி விழுவது குறைந்தது.

இனி இல்லங்களைப் பற்றிச் சிறிது கூறுவேன். முதலாந் தவணையிலே இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும். முடிந்ததும் கொடிகளைச் சுருட்டி வைத்துவிடுவோம். ஆறாந் தரத்துச் சிறுவனையும் பதின்மூன்றாந் தரத்து இளைஞனையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்தக்கூடிய அமைப்பு இதுவொன்றே. ஆகவே இல்லத்தை ஆண்டு முழுவதும் இயக்குதல் வேண்டும். மூத்த மாணவர் ஒவ்வொருவரும் இளையோர் ஐவரின் பெயரையும் வீட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். பேச்சு, நாடகம், கூடாரமடித்தல் என எல்லாப் பொறுப்புகளையும் ஒரே கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுப்பது நம் பாடசாலைகளின் பழைய பிழை. பந்தயத்தில் ஓடாதவன் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடட்டும். அவன் வராவிட்டால் கோடு இல்லை என்பது அவனுக்குத் தெரியட்டும்.

வழிகாட்டலும் ஆலோசனையும் என்னும் பணிக்கு ஓர் ஆசிரியர் மட்டும் போதாது. ஓர் இடமும் வேண்டும். அவ்வறை அதிபர் அலுவலகத்தை அடுத்திருந்தால், அங்கு செல்லும் பிள்ளையை எல்லாரும் குற்றவாளியென்றே பார்ப்பர். நூலகத்தின் ஓரத்தில் இருந்தால் இயல்பாகச் செல்வர். பிள்ளை கூறியதை ஆலோசகர் பிறர்க்குக் கூறலாகாது. ஆயினும் பிள்ளைக்கு ஆபத்து உண்டெனத் தெரிந்தால் மறைத்தலும் ஆகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கெனவே உள்ளது. உடற்றண்டனையை விலக்கிய 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையையும் இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். பிரம்புக்கு அஞ்சும் பிள்ளை எவரிடமும் மனந்திறந்து பேசமாட்டாது.

"சாதாரண தரப் பரீட்சை வரும் ஆண்டிலே விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால் மாலைநேர விளையாட்டுக்காகவே பாடசாலைக்கு வருகின்ற பிள்ளையிடமிருந்து அதனைப் பறித்தால், பறிபோவது காலைநேரப் பாடமுமாகும். "இத்தனைக்கும் நேரமேது?" என்று ஆசிரியர் கேட்பர். எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கவேண்டியதில்லை. வீடு தேடிச் செல்லும் வழக்கமொன்றையேனும் முதலிலே தொடங்கலாம். செலவு மிகக் குறைந்ததும் அதுவே.

நேயர்களே, பாடசாலை நாளொன்றிலே அயல்வீட்டுப் பிள்ளை படலையடியில் நிற்கக் கண்டால் பார்த்தும் பாராததுபோற் செல்லாதீர்கள். ஏன் போகவில்லை என்று அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். இயலுமாயின் பாடசாலைக்கும் அறிவியுங்கள். நான் அன்று கையொப்பமிட்ட இடாப்பு எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அதில் நீக்கிய பெயரைத் திரும்ப எழுத இனி என்னால் இயலாது. இன்று மேசைமீதிருக்கும் இடாப்பை நாம் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.