போர் மேசையில் ஊரின் இடம்

ரோல்பிளேயிங் ஆட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் இரண்டு அபிப்பிராயங்கள் கட்டாயம் வந்து விழும். ஒன்று: ‘எங்க ஆட்டம் சுதந்திரமானது. கம்ப்யூட்டர் கேம்ல புரோகிராம் போட்டவன் எதை விட்டுவச்சிருக்கானோ அதைத்தான் செய்ய முடியும்.’ இன்னொன்று: ‘எங்களுக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்க கதை சொல்றவங்க.’ முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, வரலாற்றை மறந்த பேச்சு. நானும் அந்த மேசையில் உட்காருகிறவன்தான் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், திருடன், மந்திரக்காரி இப்படி. ஒருவர் மட்டும் தனக்கென்று பாத்திரம் எடுத்துக்கொள்வதில்லை. அவர் உலகத்தைச் சொல்கிறார். ‘நான் அந்தச் சுவர்ல ஏறுறேன்’ என்று ஒருவர் சொன்னால் ஏற முடியுமா என்று தீர்ப்புச் சொல்கிறார். சந்தேகமென்றால் பகடையை உருட்டச் சொல்கிறார். டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். நாம் நடுவர் என்று வைத்துக்கொள்வோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவ்வகையில் அச்சேறிய முதல் பிரதி. அதன் அட்டையில் ‘ரோல்பிளேயிங்’ என்ற சொல்லே கிடையாது. காகிதம், பென்சில், சிறு பொம்மைகள் கொண்டு ஆடும் மாய இடைக்காலப் போர் ஆட்டத்திற்கான விதிகள் என்றுதான் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அட்டையே சொல்லிவிட்டது, நாம்தான் படிக்கவில்லை.

அப்படின்னா இந்த நடுவர் எங்கிருந்து வந்தார்? பிரஷ்ய ராணுவத்திலிருந்து.

1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப்படை லெப்டினென்ட், தன் அப்பா 1812இல் மன்னருக்குச் செய்துகாட்டிய ஆட்டமேசையைத் திருத்தி ஒரு ஆட்டத்தை வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். ஜெர்மன் மொழியில் ‘போர் ஆட்டம்’ என்பதற்குமேல் அர்த்தம் எதுவும் இல்லை. போரைப் பலகையில் வைப்பது புதிதல்ல. நமது சதுரங்கமே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான். 1780இல் ஹெல்விக் என்பவர் அதையே நீட்டிப் பெரிதாக்கி நிலப்பரப்பையும் சேர்த்திருந்தார். ஆனால் சதுரங்கத்தில் ஒளிவுமறைவு கிடையாது, எதிரியின் காய் முழுக்கக் கண்ணெதிரே நிற்கிறது. யுத்தத்தில் அப்படியா? ரைஸ்விட்ஸ் கட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தை விரித்தார். இரண்டு தரப்பும் தங்கள் கட்டளையை நடுவரிடம் கொடுக்கவேண்டும். எதிரியின் பார்வைக்குப் படக்கூடிய துருப்பை மட்டுமே அவர் படத்தில் வைப்பார். சேதாரத்தைப் பகடையும் அட்டவணையும் தீர்மானிக்கும். ஆக, இரண்டு பேருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கும் மூன்றாமவர் ஒருவர் மேசைக்கு வந்து சேர்ந்தார். இன்றைய டன்ஜன் மாஸ்டர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வரைபடத்தை மறைத்து வைத்திருக்கிறாரே, அது அவரிடமிருந்து வந்த சொத்து. படைத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் இந்த ஆட்டத்தைப் போர்ப் பயிற்சியாகப் பார்த்து ராணுவம் முழுவதற்கும் சிபாரிசு செய்தார். செய்தவர் 1827இல் தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்த கட்டம்தான் நமக்கு முக்கியம். அட்டவணைகள் பெருகின, ஆட்டம் கணக்குப் போடும் வேலையாகிவிட்டது என்ற சலிப்பு அதிகாரிகளுக்கு வந்தது. 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்ற பிரஷ்ய அதிகாரி அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், போர் அனுபவமுள்ள ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னால் போதும் என்று எழுதினார். ‘சுதந்திரக் கிரீக்ஸ்ஷ்பீல்’ என்று இதற்குப் பெயர். சுதந்திரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். விதியிலிருந்து விடுதலை என்று நாம் கொண்டாடுவதன் மறுபக்கம், விதியின் நாற்காலியில் ஒரு மேலதிகாரி வந்து உட்கார்ந்ததுதான். அட்டவணையைக் காட்டி வாதாடலாம். மேலதிகாரியிடம் எதைக் காட்டி வாதாடுவது? ‘எங்கள் மேசை சுதந்திரமானது’ என்று சொல்லும் நண்பர்கள், அந்தச் சுதந்திரம் பாசறையில் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதே யோசனை அட்லாண்டிக்கைத் தாண்டியது. டாட்டன் என்ற அமெரிக்க லெப்டினென்ட் 1880இல் ‘ஸ்ட்ராட்டிகோஸ்’ என்ற போர் ஆட்ட நூலை வெளியிட்டார். கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷம் கழித்து, மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவ் வெஸ்லி என்ற இளைஞர் கையில் அது சிக்கியது. ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடக்குமா நடக்காதா என்பதை நடுவர் தீர்ப்பார் என்ற சூத்திரத்தை அவர் அதிலிருந்து பிடித்துக்கொண்டார். வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். ரிசர்வ் படை அதிகாரியாக இருந்த வெஸ்லியையே 1970இல் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். அதற்கு முன், 1969இல், அவர் ஒரு ஆட்டம் நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர், நெப்போலியன் காலம், இரண்டு பக்கமும் படைகள். இதுவரைக்கும் வழக்கமான சமாச்சாரம்.

வழக்கத்திற்கு மாறாக அவர் செய்தது, ஊருக்குள் இருந்தவர்களுக்கும் ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம். கிரீக்ஸ்ஷ்பீலின் நிலப்படத்தில் ஊர் என்பது என்ன? ஒரு நிறம். துருப்பு அதற்குள் புகுந்தால் வேகம் எவ்வளவு குறையும், மறைப்பு எவ்வளவு கிடைக்கும் என்ற எண். ஊர்க்காரன் அந்த நிறத்திற்கு அடியில் எங்கோ இருக்கிறான். அவனுக்கு முறை வராது. நூற்றைம்பது வருஷப் போர் ஆட்ட மரபில் அந்த நிறத்திற்கு இங்கே வாய் முளைத்தது. நடந்தது ரகளை. ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஒதுங்கிப்போய் இரகசியம் பேசினார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைத்தார்கள். அதற்கு விதியே இல்லை, வெஸ்லி அந்த இடத்திலேயே இட்டுக்கட்டினார். ஆட்டம் தோற்றுவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். பின்னால் வந்த ஒரு பிரவுன்ஸ்டைன் ஏதோ ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டில் நடந்தது. அதில் ஆர்னெசனுக்குப் புரட்சிக்கார மாணவன் வேஷம். மனுஷன் வீட்டிலேயே ஒரு போலி சி.ஐ.ஏ. அடையாள அட்டையைத் தயாரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசையில் இருந்த எல்லோரையும் ஏமாற்றிவிட்டார். எந்த அட்டவணையிலும் இல்லாத நகர்த்தல் அது. அந்தச் சூழலில் அந்த அட்டை செல்லுபடியானதில் உள்ள அரசியலை நான் விளக்கவேண்டியதில்லை.

அந்த ஆர்னெசனிடமிருந்துதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வருகிறது. இங்கே ஒன்று கிடைத்தது, ஒன்று தொலைந்தது. கிடைத்தது உயிர். கைகாக்ஸ், பெரன் இருவரும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ விதிகளின்படி சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. ஒரே பாத்திரத்தை வாராவாரம் ஆடுகிறவன் இதற்குச் சம்மதிப்பானா? கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்று கடற்போர் ஆட்டத்திற்காக வைத்திருந்த கணக்கை மனிதனுக்கு மாற்றியதாக ஆர்னெசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று உலகத்தில் எந்த வீடியோ கேமைத் திறந்தாலும் தலைக்குமேல் சிவப்புக் கோடாக ஓடும் ‘ஹிட் பாயிண்ட்’ இரும்புக் கப்பலிலிருந்து மனித உடம்புக்கு ஏறியது. தொலைந்தது ஊர். மேயரும் வங்கிக்காரரும் மறுபடி நடுவரின் வாய்க்குள் போய்விட்டார்கள். கயிறும் தீவட்டியும் வாங்கும் கடைவீதியாக ஊர் சுருங்கிவிட்டது.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் அடைபட்டது, மனித நடுவர் திறந்தவர் என்ற கட்சியை 2002ஆம் ஆண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். அந்த ஜூலையில் அமெரிக்க ராணுவம் ‘மில்லேனியம் சேலஞ்ச்’ என்ற மாபெரும் போர் ஆட்டத்தைத் தொடங்கியது. செலவு சுமார் 25 கோடி டாலர், பங்கேற்றவர்கள் 13,500 பேர். பெயர் சொல்லாத ஒரு வளைகுடா நாட்டின் தரப்பை ஓய்வுபெற்ற ஜெனரல் வான் ரைப்பர் ஆடினார். வானொலியில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று மோட்டார்சைக்கிளில் ஆளனுப்பித் தகவல் சொன்னார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவினார். 16 அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின என்று கம்ப்யூட்டர் கணக்குச் சொன்னது. மூழ்கியவற்றை மறுபடி மிதக்கவிட்டார்கள். வான் காப்பு ரேடார்களை வெளியே தெரியும்படி வை, இந்த விமானங்களைச் சுடாதே என்று எதிர்த்தரப்புக்குக் கட்டளைகள் வந்தன. வான் ரைப்பர் பாதியில் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். இங்கே அடைத்தது யார்? எந்திரம் ‘மூழ்கிவிட்டது’ என்றது. மனித நடுவர்தான் ‘இல்லை’ என்றார். வெர்ன்வாவின் மேலதிகாரி நூற்றிருபத்தாறு வருஷம் கழித்தும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அதே 2002 ஜூலை 4 அன்று அமெரிக்கத் தரைப்படை ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற கேமை இளைஞர்களுக்கு இலவசமாக விட்டது, ஆள் பிடிக்கத்தான். 2022இல்தான் அதை மூடினார்கள்.

இன்னொரு நகர்வைப் பாருங்கள். 1974 விதிகளில் ஒரு பொற்காசு கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி. கொன்றதற்கும் உண்டு, ஆனால் பொன்னுக்குத்தான் அதிகம் சேரும். அதனால் ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்துத் திருடக் கற்றுக்கொண்டார்கள். எதற்குப் புள்ளியோ அதற்கேற்பத்தான் நடத்தை. 2024இலிருந்து உக்ரைனில் டிரோன் படைப்பிரிவுகளுக்குப் புள்ளித் திட்டம் இருக்கிறது. தாக்குதலின் வீடியோவை அனுப்பினால் சரிபார்த்துப் புள்ளி தருகிறார்கள்: டாங்கிக்கு இவ்வளவு, சிப்பாய்க்கு இவ்வளவு, உயிரோடு பிடித்தால் கூடுதல். சேர்ந்த புள்ளியை இணையச் சந்தையில் கொடுத்துப் புது டிரோன் வாங்கலாம். படையெடுப்புக்கு ஆளான நாடு கையில் கிடைத்ததைக் கொண்டு போரிடுகிறது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு அறம் போதிப்பது என் உத்தேசமல்ல. ஆனால் கப்பலிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து திரைக்கும் போன புள்ளி, திரையிலிருந்து நிஜ உடம்புக்குத் திரும்பி வந்துவிட்டது என்பதைப் பார்க்காமல் ‘எங்களுக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று எப்படிக் கேட்பது?

தொலைந்த ஊர் திரும்பியதா? திரும்பியது, நண்பர்கள் கரித்துக்கொட்டும் கம்ப்யூட்டர் வழியாகவே. போலந்தில் 2014இல் உருவான ‘திஸ் வார் ஆஃப் மைன்’ சரயேவோ முற்றுகையின் பாதிப்பில் பிறந்த கேம். அதில் நாம் சிப்பாய் அல்ல, இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் நாலு பேர். பகலில் அடுப்பு மூட்டவேண்டும். இரவில் ஒருவர் வெளியே போய் மருந்தும் டப்பா உணவும் தேடவேண்டும், சிலசமயம் தம்மைவிட நொந்த கிழவர் வீட்டிலிருந்தே. நடுவர் இல்லை, எல்லாம் முன்கூட்டி எழுதிய புரோகிராம்தான். ஆனாலும் பிரவுன்ஸ்டைனின் மேயருக்கு இதில்தான் முறை வந்தது.

மேசையிலும் வழி இருக்கிறது. 2007இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் எழுதிய ‘கிரே ராங்க்ஸ்’ வார்சா நகரில் 1944இல் நாஜிகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் பற்றியது. பாத்திரங்கள் அத்தனை பேரும் பதின்வயதுப் பிள்ளைகள். கிளர்ச்சி 63 நாளில் நசுக்கப்பட்டது என்பது ஆடுகிற எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிராக நேசிக்கும் ஒன்று இருக்கிறது. பகடையில் உதவி வேண்டுமென்றால் அதைப் பணயம் வைக்கவேண்டும். இந்த ஆட்டத்தில் நடுவர் நாற்காலி கிடையாது. அடுத்த காட்சி எங்கே, என்ன நடக்கிறது என்பதை முறைவைத்து ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். யார் பிழைத்தார்கள் என்பதையும் அவர்களே பேசித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.