மெருகிட்ட அலுமினியச் சில்லுகளைப் பேணும் முறை

மோட்டார் வண்டி ஒன்றைக் காணும்போது நமது கண் முதலில் அதன் நிறத்திற் செல்கின்றது. அடுத்து அதன் சில்லுகளிலே தங்குகின்றது. கண்ணாடி போல மின்னும் அலுமினியச் சில்லுகள் பூட்டிய வண்டி, பழையதாயினும் புதுமை குன்றாது தோன்றும். அதே சில்லுகள் சாம்பல் நிறம் பூத்து, வெண்புள்ளிகள் விழுந்து கிடக்குமாயின், புதிய வண்டியும் களையிழந்துவிடும். இவ்வாறு ஒளியிழந்த சில்லுகள் யாவும் கவனிப்பாரின்றிக் கெட்டவை என்று எண்ணிவிடலாகாது. கடுமையான திரவங்களை ஊற்றியும், இரும்பு நாரினாலே தேய்த்தும், நல்ல சில்லைத் தம் கையாலேயே பாழாக்கியவரும் உளர். தேய்த்தல் வேறு, பேணுதல் வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சில்லுக்கு அலுமினியத்தைத் தெரிந்தெடுத்தது அழகு கருதி மட்டுமன்று. ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறக்குறைய 7.8 கிராம் நிறையுடையது. அதே அளவு அலுமினியம் 2.7 கிராம் நிறையே உடையது. இலேசான சில்லு, மேடும் பள்ளமுமான வீதியின் போக்குக்கு விரைந்து இசைந்து கொடுக்கும். அலுமினியம் வெப்பத்தையும் நன்கு கடத்தும். 1924 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நடைபெற்ற பெரும் ஓட்டப்போட்டியில், புகாட்டி நிறுவனத்தாரின் 35 ஆம் வகைக் கார்கள் வார்ப்பு அலுமினியச் சில்லுகளுடன் ஓடின. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தார், பாரம் ஏற்றும் லொறிகளுக்கென, அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தால் வடிவாக்கிய சில்லுகளை உருவாக்கினர். தூய அலுமினியம் மென்மையானது. ஆதலின் சிலிக்கன், மகனீசியம் முதலியவற்றைச் சிறிதளவு கலந்து, தக்கவாறு வெப்பமூட்டி, அதனை வலுப்படுத்திய பின்னரே சில்லாக்குகின்றனர்.

இனி, இந்த உலோகத்தின் இயல்பை நோக்குவோம். இரும்பு காற்றும் ஈரமும் பட்டாற் கறள் பிடிக்கும். அக்கறள் உதிரும், உதிர்ந்த இடத்திலே புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் கறளாகும். அலுமினியமும் ஒட்சிசனுடன் சேர்வதே. ஆனால் அச்சேர்க்கையாலே தோன்றும் ஒட்சைட்டு உதிர்வதில்லை. அது உலோகத்தை இறுகப் பற்றிய ஒரு தோல் போல நின்று, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கின்றது. அத்தோலின் தடிப்பு ஒரு சில நனோமீற்றரே. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர் எனின், அத்தோலின் நுண்மையை உய்த்துணரலாம். அது நிறமற்றது, ஒளியை மறைப்பதில்லை. கீறல் விழுந்தாலும், நல்ல காற்றுப் படுமாயின், கணத்திலே மீண்டும் தோன்றிவிடும். சுருங்கக் கூறின், நாம் காணும் ஒளி உலோகத்தினுடையது. அதனைக் காக்கும் காவல் கண்ணுக்குத் தெரியாத அத்தோலினுடையது. சில்லைப் பேணுதல் என்பது அந்தத் தோலைப் பேணுதலேயாகும்.

அத்தோலுக்குப் பகை மூன்று. முதலாவது அமிலம், இரண்டாவது காரம், மூன்றாவது உப்பு. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பீ எச் அளவுகோலில், ஏறக்குறைய 4 முதல் 8.5 வரையுள்ள எல்லைக்குள் அத்தோல் நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே அமிலமும், மேலே காரமும் அதனைக் கரைத்துவிடும். இவ்வுண்மையை நமது தாய்மார் அடுக்களையிலே அறிந்துள்ளனர். புளிக்கறியை அலுமினியச் சட்டியில் வைத்திருத்தல் ஆகாதென்பர்; சலவைச் சோடா பட்ட சட்டி கறுத்துவிடுவதையும் கண்டிருப்பர். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நம்மவர் வழக்கம். பித்தளைக்கு அது தகும். புளியில் அமிலமும் சாம்பலிற் காரமும் உள்ளமையால், மெருகிட்ட அலுமினியத்துக்கு இரண்டும் தகா.

மூன்றாவது பகையாகிய உப்பு, கடல் சூழ்ந்த நமது நாட்டிலே மிகவும் வலியது. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் கடலோர வீதியிலும், வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கு, கிழக்குக் கரைகளிலும், மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாலத்திலும் ஓடும் வண்டியின் மீது உப்புத் துகள் படிந்த வண்ணமே இருக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு, ஒட்சைட்டுத் தோல் எங்கே நலிந்துள்ளதோ அங்கே புகுந்து சிறு குழி பறிக்கும். குழி ஒருமுறை தோன்றிவிட்டால், அதனுள்ளே அமிலத்தன்மை பெருகுவதால், அது தானாகவே ஆழமாகும். சில்லின் மேலே தோன்றும் வெண்பொடி அக்குழியின் அடையாளமாகும். பிறேக்கு அழுத்தும்போது உதிரும் கருந்தூளிலும் இரும்புத் துணுக்குகள் உண்டு. அவை சூட்டுடன் சில்லில் ஒட்டிக்கொள்கின்றன. இரும்பும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்குமாயின், அரிக்கப்படுவது அலுமினியமே. இரும்பு நாரினாலே தேய்க்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். கீறல் ஒருபுறமிருக்க, அந்நாரின் துணுக்குகளும் சில்லிற் பதிந்துவிடுகின்றன.

சில்லைத் தொடுமுன் அது எவ்வகையினது என்பதைத் தெளிதல் வேண்டும். சில சில்லுகள் வெறும் உலோகமாகவே மெருகிடப்பட்டவை. வேறு சில, மெருகின் மேலே நிறமற்ற வார்ணிசு பூசப்பட்டவை. இன்றைய கார்களிற் காணப்படுபவை பெரும்பாலும் பின்னைய வகையே. இரண்டையும் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. ஆயினும் எளிய சோதனை ஒன்று உண்டு. மறைவான ஓர் இடத்திலே சிறிதளவு மெருகுப் பசையை வெள்ளைத் துணியிற் தோய்த்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் உலோகம்; கறுக்காவிட்டால் மேலே பூச்சு உள்ளது. பூச்சுள்ள சில்லை மெருகுப் பசையாலே தேய்த்தல் கூடாது. தேய்த்தால் அழிவது பூச்சேயாகும். அதற்குக் கழுவுதலும் மெழுகிடுதலும் போதும். கல் பட்டுப் பூச்சு உடைந்திருப்பின், உடைந்த இடத்தால் உப்புநீர் புகுந்து, புழு ஊர்ந்த தடம் போன்ற வெண்கோடுகள் பூச்சின் கீழே பரவத் தொடங்கும். அதற்கு மேலிருந்து எத்துணை தேய்த்தும் பயனில்லை. பழைய பூச்சை நீக்கிப் புதிது பூசுதல் வேண்டும்; அது தேர்ந்த தொழிலாளியின் வேலை.

கழுவும் முறை எளிது. ஆயினும் ஒழுங்கு தவறலாகாது. ஓடிவந்த வண்டியின் சில்லு சூடாயிருக்கும். அது ஆறும்வரை காத்திருங்கள். நிழலில் வண்டியை நிறுத்தி, முதலில் நிறைய நீர் ஊற்றி, மணலையும் தூளையும் போக்குங்கள். பின்னர் மென்மையான சவர்க்காரம் கரைத்த நீரில் துணியைத் தோய்த்துக் கழுவுங்கள். சில்லுக்கெனத் தனி வாளியும் தனித் துணியும் வைத்திருத்தல் நன்று; இல்லையேல் சில்லின் தூள் வண்டியின் உடலைக் கீறும். சில்லின் உட்புறத்தையும் மறவாது கழுவுங்கள். உப்பும் தூளும் ஒளிந்து கிடப்பது அங்கேதான். மறுபடியும் நீர் ஊற்றி, உலர்ந்த பருத்தித் துணியாலே ஈரத்தை ஒற்றி எடுங்கள். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இவ்விறுதிப்படி இன்றியமையாதது. அங்கே கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதால், தானாக உலரவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெண்வட்டத்தை விட்டுச் செல்லும். கரையோரத்தில் வாழ்வோர் வாரம் ஒருமுறையேனும் கழுவுதல் வேண்டும்.

மெருகிடுதல் வெறும் உலோகச் சில்லுக்கு மட்டும் உரியது. கழுவி உலர்ந்த சில்லிற் கையகலமான இடத்தை எடுத்து, அலுமினியத்துக்கென ஆக்கிய பசையைச் சிறிதளவு தடவித் தேய்த்து, அது உலர்வதற்கு முன் தூய துணியாலே துடையுங்கள். துணியிற் படியும் கருமை வெறும் அழுக்கன்று; அதிலே உலோகமும் உள்ளது. ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் சில்லின் மேற்பரப்பில் நுண்ணிய ஒரு படை தேய்ந்து போகின்றது. ஆதலின் அடிக்கடி மெருகிடுவது நன்றன்று. மெருகிட்டவுடன் மெழுகுப் பூச்சொன்றை மெல்லியதாகத் தடவி, அது மங்கி உலர்ந்ததும் துடைத்துவிட்டால், உப்பும் தூளும் ஒட்டுவது குறையும். அடுத்த மெருகுக்கு அவசியமும் தள்ளிப்போகும். மெழுகை ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சில்லு பொருந்தும் முகத்திலும், நட்டுகள் அமரும் இடத்திலும், பிறேக்குத் தட்டிலும் மெழுகோ பசையோ படாது காத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒளி வேண்டியதில்லை, உறுதியே வேண்டும்.

நேயர்களே, இனி யான் கூறுவதைச் சிறிது கூர்ந்து கேட்டல் வேண்டும். ஊற்றியவுடன் அழுக்கைக் கரைக்கும் சில சில்லுத் திரவங்களில் ஐதரோபுளோரிக்கமிலமோ அமோனியம் பைபுளோரைட்டோ கலந்திருக்கும். இவை சில்லின் தோலைக் கரைத்து, மெருகை வெளிறச் செய்கின்றன. அது பொருள் இழப்பு மட்டுமே. மனிதத் தோலிற் பட்டாலோ விளைவு பெரிது. செறிவு குறைந்த கரைசல் பட்டவுடன் வலி தோன்றாது. சில மணி நேரம் கழித்தே தோன்றும். அதற்குள் அது தசையினுள் ஊடுருவி, உடலிலுள்ள கல்சியத்தைப் பற்றிக்கொள்கின்றது. மிகுதியாகப் பட்டால் இதயத்தின் இயக்கமே தடைப்பட்டு உயிருக்கு இடர் நேரும். இவ்வாறான திரவம் பட்டுவிட்டால், உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, வலி இல்லையென்று வாளாவிராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எத்திரவம் பட்டது என்பதை வைத்தியரிடம் கூறுங்கள். வாங்குமுன் போத்தலின் மேலுள்ளதைப் படியுங்கள். உள்ளடக்கம் எழுதப்படாத திரவத்தை வாங்காதிருங்கள். வண்டி கழுவும் நிலையங்களில் நாள்தோறும் வெறுங்கையுடன் வேலை செய்யும் இளைஞரையும் நினைவிற் கொள்ளுங்கள். நமது சில்லின் ஒளிக்காக அவர்தம் கை வெந்து போதல் முறையன்று.

சில்லைத் துடைக்கும் நாளே அதைச் சோதிக்கும் நாளுமாகும். கை படும்போதே வெடிப்பு, நெளிவு, நட்டுகளைச் சுற்றிய கறள் ஆகியவை தென்படும். ரயரின் விளிம்பு அமரும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டால், காரணம் தெரியாமற் காற்றுக் குறைந்துகொண்டே வரும். ரயர் மாற்றும்போது அவ்விடத்தைப் பார்த்துத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். நெளிந்த சில்லை நெருப்பிலே காய்ச்சி நிமிர்த்துவோர் உண்டு. அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. முன்னர்க் கூறியவாறு, அந்த உலோகத்தின் வலிமை அளவறிந்து வெப்பமூட்டியதால் வந்தது. அளவறியாச் சூடு அதனை அழித்துவிடும். கண்ணுக்கு நேராகத் தோன்றும் சில்லு, சுமை ஏறி விரைந்து ஓடும்போது உடையக்கூடும். சில்லைக் கழற்றிப் பூட்டினால், நூறு கிலோமீற்றர் அளவு ஓடியபின் நட்டுகளின் இறுக்கத்தை மறுமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தூய நீர், மென்மையான சவர்க்காரம், உலர்ந்த துணி, சிறிதளவு மெழுகு ஆகிய நான்கும் எளிய பொருள்கள், விலை குறைந்தவை. அவற்றை வாரந்தோறும் தவறாது பயன்படுத்துவோர்க்குக் கடுந்திரவம் தேவைப்படுவதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் ஆவேசமாகத் தேய்ப்பதினும், வாரம் ஒருமுறை அமைதியாகக் கழுவுவதே சில்லுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.