மருத்துவமனையும் மரண விகிதமும்

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க மரண விகிதம் மட்டும் போதுமா? கடும் நோயாளிகளை மிகுதியாக ஏற்கும் மருத்துவமனையில் மரணங்கள் மிகுவது இயல்பே. ஆகவே, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளின் விகிதங்களையே ஒப்பிடல் வேண்டும்.

வியன்னாப் பொது மருத்துவமனையின் இரு பிரசவப் பிரிவுகள் இதற்குத் தக்க சான்றாகும். அவை பெரும்பாலும் நாள் விட்டு நாள் கர்ப்பிணிகளை ஏற்றமையால், தாய்மாரிடையே பெரிய வேற்றுமை இல்லை. எனினும், 1846-இல் மருத்துவ மாணவர் பயின்ற முதற் பிரிவில் மரண விகிதம் நூற்றுக்கு 11.4, மருத்துவச்சியர் பயின்ற இரண்டாம் பிரிவில் 2.8. இதனை அறிந்த பெண்கள் இரண்டாம் பிரிவில் சேர்க்குமாறு மன்றாடினர். பிணப் பரிசோதனை செய்த கைகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவுமாறு செம்மல்வைஸ் 1847-இல் விதித்தார். 1848-இல் முதற் பிரிவின் விகிதம் 1.3 ஆயிற்று.

‘எத்தனை பேர் இறந்தனர்?’ என்பதோடு, ‘எத்தகையோருள்?’ என்றும் வினவ மக்களைப் பழக்குதல் களப் பணியாளர், ஆசிரியர் கடமையாகும்.