மானுக்காக, மானிடமிருந்து ஒரு வேலி

வெண்வால் மான் மேய்வதற்கென்றே பயிர் வைக்கும் வழக்கம் அமெரிக்காவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களில் பரவலாக உண்டு. வேட்டைக்காரர்களும் காட்டு நில உரிமையாளர்களும் மரங்களுக்கு நடுவே அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ திருத்தி, க்ளோவர், சோயா, தட்டைப்பயறு, ஓட்ஸ் என்று விதைக்கிறார்கள். இந்தத் தீவனப் பாத்தியில் அறுவடை என்று ஒன்று கிடையாது. கோடையில் கொம்பு வளர்க்கும் கலைமானுக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண்மானுக்கும் புரதம் ஏராளமாக வேண்டும்; அதற்குச் சோயா இலை அருமையான தீனி.

ஆனால் பயிர் வளரட்டும் என்று மான் காத்திருக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் சில லட்சமாகச் சுருங்கிப்போன இந்த இனம், இன்று சுமார் 3 கோடியாகப் பெருகியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. சோயா தலைகாட்டியதுமே கடி விழுகிறது. மக்காச்சோளத்தின் வளர்முனை முதல் சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே இருப்பதால் மேலே மேய்ந்தாலும் மறுபடி துளிர்த்துவிடும். சோயாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முளைத்த நாளிலிருந்தே அதன் வளர்முனை மண்ணுக்கு மேலே நிற்கிறது. விதையிலைக்குக் கீழே கடிபட்டால் அந்தச் செடி அத்தோடு போயிற்று. சிறிய பாத்தி சில நாட்களிலேயே மொட்டையாகிவிடும்.

மானை முழுதாகத் தடுக்க எட்டடி உயர வலைவேலி வேண்டும். ஒரு பருவத்துப் பயிருக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் மின்வேலி. இது உடலை மறிக்கும் வேலி அல்ல, மானின் மனதில் அச்சத்தைப் பதிக்கும் வேலி. பரவலாகக் கையாளப்படும் அமைப்பில் வெளியே ஒரே ஒரு கம்பி, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில். மூன்றடி உள்ளே தள்ளி இரண்டு கம்பிகள், சுமார் 10 அங்குலத்தில் ஒன்று, 24 அங்குலத்தில் ஒன்று. மான் நினைத்தால் இந்த உயரத்தை எளிதாகத் தாவிவிடும். ஆனால் அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் சுற்றுமுற்றும் நன்றாகத் தெரியுமே தவிர, தூரம் கணிப்பதில் அது வலுவானதல்ல. முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு வரிசைகளைக் கண்டால், எங்கே காலூன்றி எங்கே இறங்குவது என்று புரியாமல் தயங்கும். மெல்லிய கம்பியைவிட பாலிடேப் எனப்படும், மின்சாரம் கடத்தும் அகலமான வெள்ளை நாடா அதன் கண்ணில் எளிதில் படும்.

வேலியைக் கண்டால் மட்டும் போதாது, மான் அதைத் தொடவும் வேண்டும். மானின் ரோமம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தோளோ விலாவோ உரசினால் பல நேரம் அதற்கு உறைப்பதே இல்லை. ஈரமான மூக்கும் நாக்கும்தான் சரியான இடம். அதற்காக அலுமினியத் தாளில் பீநட் பட்டர் தடவி, வெளிக்கம்பியில் ஆங்காங்கே மடித்துத் தொங்கவிடுகிறார்கள். மான் வருகிறது, முகர்கிறது, நக்குகிறது. மின்சாரம் மூக்கு வழியே ஏறி, குளம்பு வழியே மண்ணில் இறங்குகிறது. ஓர் அதிர்ச்சிதான். அதற்கப்புறம் அந்தக் கம்பியை அது மறப்பதில்லை. எனவே முளை விடுவதற்கு முன்பே, வேலி கட்டிய முதல் இரவிலேயே மின்சாரம் ஓடவேண்டும். உயிரில்லாத கம்பியை ஒருமுறை தாண்டிப் பழகிய மானுக்குப் பிறகு பயம் காட்டுவது கடினம்.

இந்த அதிர்ச்சியைத் தரும் கருவி எனர்ஜைசர். பண்ணை மின்வேலிக்கு 1930களில் நியூசிலாந்தில் வழிகாட்டியவர்களில் ஒருவர் பில் கேலகர். இன்றைய கருவி, பேட்டரியிலிருந்தோ சோலார் தகட்டிலிருந்தோ வரும் சக்தியை மின்தேக்கியில் சேர்த்து, ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பாகக் கம்பிக்குள் விடுகிறது. அழுத்தம் பல ஆயிரம் வோல்ட். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. சுரீரென்று வலிக்கும், அடுத்த துடிப்புக்குள் விலகிவிடலாம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொக்கி போடுவது முற்றிலும் வேறு, அது கொலைக்கருவி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படியொரு வேலியில்தான் மாண்டன. தமிழில் இரண்டுக்கும் மின்வேலி என்றே பெயர் வழங்குவதால் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

வேலி பலிக்காமல் போனால் முதலில் பார்க்கவேண்டியது எர்த். மண் வழியே மின்சாரம் கருவிக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமையாகும். ஆறடிக் கம்பிகள் மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக, முடிந்தவரை ஈரமான இடத்தில் அடித்து இறக்கவேண்டும். கோடையில் காய்ந்த மணல் தரை மின்சாரத்தைச் சரியாக வாங்காது. அடுத்த எதிரி களை. கம்பியில் சாயும் ஒவ்வொரு புல்லும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கசியவிடும். வாரம் ஒருமுறையாவது வேலியடிப் புல்லை வெட்டி, டெஸ்டர் வைத்து வோல்ட் பார்ப்பது அவசியம்.

இலையுதிர் காலம் வந்ததும் வேலிக்கு வேலை முடிகிறது. அதற்குள் சோயா இடுப்பளவு வளர்ந்து காய் பிடித்திருக்கும். இனி மான் மேய்ந்தாலும் தாங்கும். மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கம்பியை விட்டுவைத்தால், பழைய நினைவில் மான்கள் ஓரத்திலேயே தயங்கி நிற்கக்கூடும். ஆகவே கம்பியைச் சுருட்டி, தூண்களையும் பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். பனிக்காலத்தில் காட்டில் பச்சை எல்லாம் கருகிப்போன பிறகும், செடியிலேயே காய்ந்து நிற்கும் சோயா நெற்றுகளைத் தேடி மான்கள் அந்தப் பாத்திக்கு வருகின்றன.