பல்லாங்குழியும் புள்ளிப் பலகையும்

விளையாட்டின் அமைப்புக் கூறுகளைக் கற்பித்தலில் பயன்படுத்துவதை ‘விளையாட்டாக்கம்’ எனலாம். 2010ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பெருவழக்குப் பெற்ற இக்கருத்து, இன்று நம் தமிழ் வகுப்பறைகளுக்கும் புதிதன்று. எனினும் புள்ளி, பதக்கம், தரவரிசைப் பட்டியல் ஆகியவற்றையே விளையாட்டு எனக் கொள்ளும் போக்கை நாம் பரவலாகக் காண்கிறோம். இவை விளையாட்டின் புறக்கோலங்களே.

பல்லாங்குழியை எண்ணிப் பார்ப்போம். மலாய்க்காரர்களின் சோங்காக்கிற்கு உறவுடைய இவ்விளையாட்டில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ளன. காய்களை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் சிறுமி, கடைசிக் காய் எங்கே தீரும், அதற்கு அடுத்த குழி வெறுமையாக இருக்குமா, அதற்கும் அப்பாலுள்ள குழியில் எத்தனை காய்கள் கிடைக்கும் என முன்கூட்டியே கணக்கிடுகிறாள். கணக்கு வேறு, ஆட்டம் வேறு என்ற பிரிவு அங்கில்லை. பிழைத்தால் அக்கணமே தெரிந்துவிடும்; இழப்பதும் அந்த முறையை மட்டுமே. அவளுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை.

பரிசு தீங்கும் செய்யக்கூடும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுடைய மழலையர் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என முன்னரே கூறப்பட்டது. பின்னர் அவர்களது நாட்டம் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றோரிடம் இக்குறைவு காணப்படவில்லை.

வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடவேளையே தமிழ் பேசக் கிடைக்கும் வாய்ப்பு. விரைவுக்கே மிகுதியான புள்ளி தரும் மின்புதிரில் அப்பிள்ளை நாள்தோறும் பட்டியலின் அடியில் நிற்குமாயின், சில வாரங்களில் வாய் திறப்பதையே விட்டுவிடும். ஊகித்து அழுத்தும் பிள்ளையோ மேலே நிற்கும்!

லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்க வேறொரு வழியைக் கருதலாம். புலி–புளி, மூலை–மூளை, வாளை–வாழை போன்ற இணைகளுக்குப் படஅட்டைகள் செய்து, மாணவர் இருவரை ஒருவர் அட்டையை மற்றவர் காணாதவாறு அமர்த்துதல் வேண்டும். ஒருவர் சொல்லை ஒலிக்க, மற்றவர் உரிய படத்தை எடுக்க வேண்டும். நாக்கு சரியாக வளையாவிட்டால் புளிக்குப் பதில் புலி வரும்; இருவரும் சிரித்துவிட்டு மீண்டும் முயல்வர். இங்கு ஒலிப்பே ஆட்டம். இருவரும் ஒரே அணி. ஆசிரியர் புள்ளியிட வேண்டியதில்லை.

அட்டை தயாரிப்பில் ஒன்றைக் கவனித்தல் நலம். ‘புளிய மரம்’, ‘வாழை இலை’ எனத் தொடராகச் சொல்ல இடமளித்தால் பொருளைக் கொண்டே படத்தை எடுத்துவிடுவர். ஒலிப்புக்கு வேலை இராது. ஆகவே தனிச்சொல்லாகவே ஒலிக்க வேண்டும் என்பதை ஆட்ட விதியாக வைத்துவிடலாம்.